வளையம் போட்ட உள்ளான்

இருங்க, இருங்க… பிரசங்கத்த இத்தோட ஓரமா வெச்சிடுறேன். முகத்தப் பாத்தாலே தெரியுது, பாதிப் பேரு மனசால வீட்டுக்குப் போயிட்டீங்க. என்கிட்ட குருவியளவு கதை ஒண்ணு இருக்கு. அதக் கேட்டுட்டுப் போங்க.

நம்ம ஜெனோவா மச்சாடு இருக்காளே… ஆமா, படகு வெச்சிருக்கிற தொம்மை மச்சாடு மக. பறவைகளப் பத்திப் படிச்சிட்டு போர்த்துகல்ல வேலைக்குப் போனா. நம்ம பேருக்குப் பின்னால ஒட்டிக்கிட்டிருக்கே, அந்தப் பேரெல்லாம் கப்பலேறி வந்த நாடு! போன நவம்பர்… இங்க நமக்கு அடைமழை, அங்க இலையெல்லாம் உதிர்ந்து குளிர் தொடங்குற நேரம். ஒரு சதுப்பு நிலத்துல வேலை. என்ன வேலை? வலை போடுற வேலை! நம்ம ஊர்ப் பிள்ளை வேற என்ன செய்யும்?

ஆனா வலை தண்ணியில இல்ல… காத்துல! ரெண்டு கம்புக்கு நடுவுல, கண்ணுக்கே தெரியாத மெல்லிசு வலை. பறந்து வர்ற பறவை அதுல விழும். பதமா எடுத்து, எடை பாத்து, கால்ல ஒரு சின்ன வளையம் மாட்டி, விட்டுடணும். வளையத்துல நாட்டுப் பேரும் எண்ணும் இருக்கும். நாளைக்கு அதே பறவை வேற தேசத்துல மாட்டுச்சுன்னா, எங்கேருந்து கிளம்பி எத்தன கடல் தாண்டுச்சுன்னு தெரிஞ்சிடும். அதிசயமா இல்ல?

அங்க அவகூட வேலை பாக்குற குழுவுக்குத் தலைவரு டுவார்த்தேன்னு ஒருத்தரு. அவரு சரின்னு சொன்னாத்தான் ஜெனோவாவுக்கு வேலை நிலைக்கும். முதல் நாளே அவரு சொன்ன சட்டம் ஒண்ணு: “பறவை வாயத் திறந்து மூச்சு வாங்குச்சா? எல்லாத்தையும் போட்டுட்டு அத விட்டுடு.”

ஒரு நாள் காலையில வலையில ஒரு உள்ளான். நம்ம உப்பளத்துல குடுகுடுன்னு ஓடுமே, அந்தச் சாதிதான். ஜெனோவா அதோட கழுத்த ரெண்டு விரலுக்கு நடுவுல விட்டு, மெதுவாப் பிடிச்சுத் தூக்குறா… கால்ல ஏற்கனவே ஒரு வளையம்!

அம்புட்டுப் பேரும் ஓடி வந்துட்டாங்க. எங்கேருந்து வந்துச்சு? யாரு மாட்டினது? எண்ணு தெரியுது… நாட்டுப் பேரு மேல மட்டும் உப்பும் சேறும் அப்பிக் கிடக்கு. நகத்தால சுரண்டுறா.

“தேயி, தேயி! எந்த நாடு?”ன்னு குதிக்கிறாரு டுவார்த்தே.

“சார்… வாயத் திறக்குது சார்.”

“ஒரே நிமிசம்! முதல் எழுத்து தெரியுது பாரு!”

“கண்ணு சொருகுது சார்…”

“விட்டுட்டா திரும்பக் கிடைக்குமா? உனக்கு இந்த வேலை வேணுமா வேண்டாமா?”

அவரு கெட்டவரா? இல்லய்யா. தெரிஞ்சுக்கிற ஆசை… அது சட்டம் சொன்ன வாயையே அடைச்சிடுச்சு.

ஜெனோவா சுரண்டுறத நிறுத்தினா. குனிஞ்சா. நாணலுக்கு அடியில, காத்தடிக்காத இடமாப் பாத்து, அத இறக்கி விட்டுட்டுக் கைய எடுத்துட்டா. அது அசையல. அப்படியே உக்காந்திருந்துச்சு.

அவ்வளவுதான் கதை.

…என்ன? அங்க யாரு, ரெஜினாம்மாவா? எந்த நாட்டுப் பறவையா? சரி. பின்னால யாரு? வேலை நிலைச்சுதான்னா? கேளுங்க, நல்லாக் கேளுங்க…

அது பிழைச்சுதான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?

…

நம்ம தெருவுல போன வாரம் ஒரு பொண்ணு பெட்டியோட அம்மா வீட்டுக்கு வந்து இறங்கியிருக்கா. பேரு நான் சொல்ல மாட்டேன். அதத்தான் நீங்க தெருத்தெருவாச் சொல்லி முடிச்சிட்டீங்களே! ஏன் வந்தா? அவன் அடிச்சானா? இவ கோவிச்சுக்கிட்டாளா? எப்பத் திரும்பிப் போவா? ஆளாளுக்குச் சுரண்டுறீங்க. அவ வாயத் திறந்து மூச்சு வாங்குறது உங்க கண்ணுல படலையா? எனக்குக் கோவமா வருது, சொல்லிட்டேன்.

தெரிஞ்சுக்க ஆசைப்படுறது பாவமில்ல. ஆனா கையில இருக்கிறது உசிரு. முதல்ல அது மூச்சு விடட்டும்.

உள்ளானா? பிழைச்சுது. கொஞ்ச நேரங்கழிச்சு எழுந்து, றெக்கைய உதறிட்டுப் பறந்துச்சு. அதப் பாத்துட்டு டுவார்த்தே தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. மறுநாள்லேருந்து வலைய அவ பொறுப்புல விட்டுட்டாரு. எந்த நாடு? அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்னிக்கு ராத்திரி மீன் குழம்பு வெப்பீங்கல்ல? ஒரு தூக்குல கொஞ்சம் ஊத்தி அந்த வீட்டுக்குக் கொண்டு போங்க. குடுத்துட்டு… ஒண்ணும் கேக்காமத் திரும்பி வாங்க.