வாசித்துவிட்டார்கள் என்ற அறிவித்தல்

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன்சீற்றில் இரண்டு ரீச்சர்மார். இளையவர் யாழ்ப்பாணத்தில் இறங்கித் தீவிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு பஸ்ஸும் பிடிக்க வேண்டியவர். அலுத்துப்போய்ச் சொன்னார்:

“என்ரை இடமாற்றக் கடிதத்தைக் கல்விக் கந்தோரிலை வாசிச்சிட்டினமாம், அக்கா. அதை எனக்குச் சொன்னது எங்கடை பள்ளிக்கூட அதிபர்.”

“ஐயோ, அவருக்குத் தெரியாமலெல்லோ அனுப்பினனீர்?”

“ஓம். பள்ளிக்கூட ஈமெயிலிலை இருந்து போனால்தான் அங்கை திறப்பினம் எண்டு அதிலை அனுப்பினன். பதில் மட்டும் என்ரை ஈமெயிலுக்கு வரச் செய்தனான். வாசிச்சால் அறிவிக்கச் சொல்லியும் ஒரு கட்டத்திலை புள்ளடி போட்டன். அந்த அறிவித்தல் அனுப்பின பள்ளிக்கூட ஈமெயிலுக்கே போயிட்டுது. அதைத் திறக்கிறது அவர்தானே.”

“பதில் வந்ததோ?”

“எங்கை!”

மூத்தவர் கேட்டார்: “அதிபர் ஏசினவரோ?”

“ஏசியிருந்தாலும் பரவாயில்லை. கதவைச் சாத்திப்போட்டு வந்து, ‘ரீச்சர், நான் அனுப்பின என்ரை இடமாற்றக் கடிதத்தை இன்னும் ஒருத்தரும் திறக்கேல்லை. நீர் என்னெண்டு எழுதினனீர்?’ எண்டு கேக்கிறார்.”