நான்கு முன்பற்கள்

வாழ்நாளெல்லாம் பல் டாக்டராக இருந்தவன் நான். ஆனாலும் எனக்குப் பல்வலி என்றால் பயம். இன்னொன்றும் உண்டு. நான் பன்றி விலா சாப்பிடுவதில்லை. கான்சஸ் சிட்டியில் பிறந்துவிட்டு, கரியில் சுட்ட விலாவை வேண்டாம் என்பவனைச் சர்ச்சுக்குப் போகாதவனைவிடக் கேவலமாகப் பார்ப்பார்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

லெமுவல் டாலிவரைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறீர்கள், அம்மா. அவர் பெயரிலுள்ள நினைவுச் சங்கத்துக்கு நான் தலைவன் என்பதால் என்னிடம் வந்தீர்கள். நன்றாகச் சாக்ஸபோன் ஊதிக்கொண்டிருந்த மனிதர் ஏன் திடீரென்று நிறுத்தினார் என்று கேட்டீர்கள். ஈறுநோய் என்றேன். வருஷா வருஷம் மேடையில் சொல்வதுதான். ஆனால் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் அவருடைய சாக்ஸபோனைப் பார்த்துவிட்டு, ஊதும் முனையில் இரண்டு பள்ளங்கள் ஏன் என்று கேட்டீர்களே, அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லோரும் பித்தளைப் பளபளப்பைத்தான் பார்ப்பார்கள்.

அவை அவருடைய பற்கள் பதிந்த இடம். டெனர் சாக்ஸபோன் ஊதுகிறவனுக்கு மேல்வரிசை முன்பற்கள்தான் அஸ்திவாரம். அவை அந்த முனையில் அழுந்த உட்கார வேண்டும். நாதம் பல் வழியாக மண்டைக்குள் ஏற வேண்டும். பல் போனால் எல்லாம் போயிற்று.

அவர் வருவதற்கு முன் டெனர் என்பது சர்க்கஸில் கோமாளி வழுக்கி விழும்போது ஊதுகிற வாத்தியம். லெமுவல் அதை ஆண்பிள்ளை மனம்விட்டுப் பேசுகிற மாதிரி பேச வைத்தார். மெதுவான பாட்டை எடுத்தால் பரிமாறுகிற பெண்கள் தட்டோடு அப்படியே நின்றுவிடுவார்கள். இன்று இந்த நாட்டில் டெனர் ஊதுகிற ஒவ்வொருவனும் அவருக்குக் கடன்பட்டவன். நானும் ஊதுவேன். சின்ன வயதில் இருவரும் ஒரே பூங்கா வாத்தியக் குழுவில் இருந்தோம். அவர் இசைக்குப் போனார், நான் படிக்கப் போனேன்.

ஞாயிறு மதியங்களில் பதினெட்டாம் தெரு கிளப்பில் வாத்தியம் வைத்திருக்கிற எவனும் மேடையேறி அவரோடு போட்டிக்கு ஊதி மோதலாம். அதுதான் எங்கள் ஊர் வழக்கம். தோற்றவன் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஒரு ஞாயிறு நானும் ஏறினேன். வருஷக்கணக்காகக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழகிய பாட்டு அது. ஊதி முடித்தேன். அவர் பதிலுக்கு ஊதவே இல்லை. வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அடேங்கப்பா, டாக்டரே. பல்லப் புடுங்குற கை, பாட்டையும் வேரோட புடுங்கிடுச்சே," என்றார். கிளப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதில் விஷமம் இல்லை. பிறகு எனக்கு ஒரு பீர்கூட வாங்கிக்கொடுத்தார்.

அந்த வாரமே வாயைப் பொத்திக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தார். மேல் ஈறு வீங்கியிருந்தது. அடுத்த வாரம் நியூயார்க் போகிறார். முதல்முறையாக அவருடைய சொந்தப் பெயரில், சொந்த மெட்டுகளை இசைத்தட்டில் பதியப் போகிறார்கள். அதுவரை அவர் ஊதியதெல்லாம் அடுத்தவன் குழுவில் வரிசையில் நின்று ஊதியதுதான். "எப்படியாச்சும் சரி பண்ணிடுங்க டாக்டரே. இந்த வாய நம்பித்தான் இசைத்தட்டுக் கம்பெனிக்காரன் எனக்கு டிக்கெட்டே எடுத்திருக்கான்," என்றார். வேறு டாக்டரிடம் கேட்கவும் அவருக்கு வழியில்லை. அன்று எங்கள் பக்கத்தில் கறுப்பர் வாய்க்குள் கைவிடுகிற பல் டாக்டர் நான் ஒருவன்தான்.

மரத்துப்போக ஊசி போட்டேன். நோய் எலும்புவரை பரவிவிட்டது, விட்டால் உயிருக்கே ஆபத்து என்றேன். மேல் முன்பற்கள் நான்கையும் எடுத்தேன்.

அதற்குக் காரணம் வைத்திருந்தேன். நியூயார்க்கில் இளவட்டங்கள் தறிகெட்ட வேகத்தில் ஊதத் தொடங்கியிருந்தார்கள். அங்கே போய் இவர் அவமானப்படுவதைவிட, பெயர் கெடாமல் நின்றுவிடட்டுமே என்று நினைத்தேன். பல்செட்டும் நானே செய்துகொடுத்தேன், காசு வாங்கவில்லை. சாப்பிட, சிரிக்க அதில் குறை சொல்ல முடியாது. ஊதினால் மட்டும் ஆடியது. மூன்று மாதம் முயன்று பார்த்தார். கடைசியில் ரயில்நிலையத்தில் பெட்டி தூக்கப் போனார்.

இத்தனைக்கும் என்மேல் அவருக்குக் கோபமே வந்ததில்லை. வருஷா வருஷம் நவம்பரில் வரும் நன்றி சொல்லும் பண்டிகையன்று அவர் மனைவி வெர்டெல் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட பலகாரம் எடுத்துக்கொண்டு வருவாள். "நீங்க மட்டும் இல்லன்னா நான் அப்பவே விதவையா நின்னிருப்பேன் டாக்டரே," என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். அவள் படியிறங்கும்வரை சிரித்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பலகாரத்தை ஒருமுறைகூட என்னால் விழுங்க முடிந்ததில்லை. குப்பையில் போடவும் கை வராமல் பூசணம் பூக்கும்வரை வைத்திருப்பேன். பாவி நான் என்பது எனக்குத் தெரியும், அம்மா.

ஈறுநோய் இல்லை. ஊசி போட்டு, விளக்கைத் திருப்பிப் பார்த்தபோது ஈறுக்குள் ஒரு விலா எலும்புச் சில்லு குத்திக்கொண்டு நின்றது. கிளப்பில் அந்த ஞாயிறு தின்றது. இடுக்கியால் தொட்டதும் வந்துவிட்டது. அத்தோடு வைத்தியம் முடிந்தது. உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். பற்கள் நான்கும் கல்லு மாதிரி இருந்தன. நான் அந்தச் சில்லைப் பஞ்சில் சுருட்டி வைத்துவிட்டு, குறடை எடுத்தேன்.

சாவதற்கு முந்தின வருஷம் சாக்ஸபோனை என்னிடமே கொண்டுவந்து கொடுத்தார். "வச்சுக்குங்க டாக்டரே. உங்களுக்காவது பல்லு இருக்கு," என்றார். அவர் படியிறங்கிப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் வைத்தேன். அந்தப் பள்ளங்களில் என் பல் உட்காரவில்லை. ஊதிப் பார்த்தேன். என் பழைய சத்தம்தான் வந்தது. அதற்குப் பிறகு நான் வாத்தியத்தைத் தொடவில்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சங்கத்தில் இருந்து என் பெயரை அடிக்கட்டும், போலீஸ் வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், அம்மா. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. லெமுவல் டாலிவரோடு கடைசியாக ஒரே மேடையில் நின்று ஊதியவன் நான்தான்.