எங்க வீட்டு மழத்தண்ணி

…கால அந்தப் பலக மேல தூக்கி வச்சுக்கங்க டீச்சர், சேல நனஞ்சிரும். செருப்பக் கையில எடுத்துக்கங்க. போன மழைக்கு ஒருத்தரு வீடு பாக்க வந்தாரு, அவரு செருப்புல ஒண்ணு மெதந்து போயி அடுப்படில கெடந்துச்சு. இன்னொண்ணு இன்னைக்கி வரைக்கும் ஆம்புடல. இது ஒண்ணும் இல்ல, இப்பப் பெஞ்ச மழதான். செத்த நேரத்துல வடிஞ்சிரும். கேட்ல தொங்குன ‘வீடு வாடகைக்கு’ அட்டையப் பாத்து நீங்க உள்ள வாரதுக்கும் வானம் பொத்துக்கிட்டு ஊத்துறதுக்கும் சரியா இருந்துச்சு. அதுக்கு நான் என்ன பண்ண?

வீட்டுல ஒரு கொறையும் சொல்ல முடியாது டீச்சர். கொற பூராம் முனிசிபாலிட்டிலதான் இருக்கு. வேணுங்கிற தண்ணி கொழாயில வராது, வேண்டாத தண்ணி வீட்டுக்குள்ள வரும். என்னா ஒரு நிர்வாகம் பாருங்க! கொழாயில தண்ணி எப்ப வரும்னு கேக்குறீங்களா? வரும். வராமப் போகாது. பத்து நாளைக்கு ஒருக்கா வரும், பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா வரும்… வாரப்ப அது பாட்டுக்கு வரும். மாப்பிள்ள முறுக்கோட வரும். நம்ம எந்திரிச்சு கொடத்தக் கழுவி வைக்கிறதுக்குள்ள கோவிச்சுக்கிட்டுப் போயிரும்.

நீங்க கீரனூர்ப் பக்கமா? அதான… பேச்சுலயே தெரியுது, வார்த்தைக்கு வார்த்த ‘ங்க’ போடுறீங்க. எங்கூருல அம்புட்டு மரியாத கெடையாது டீச்சர், ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்கிற மாட்டோம். பாருங்க, ஒங்ககிட்ட எதையாச்சும் மறைக்கிறனா? சுவத்துல அந்த ஈரம் இடுப்பு ஒசரத்துக்கு ஏறியிருக்கே, அதக்கூட நான் காலண்டர மாட்டி மறைக்கல. மாட்டுனேன், அதுவும் ஊறி விழுந்திருச்சு. அது வேற.

என்னமோ சொல்ல வந்தேன்… ஆங், முனிசிபாலிட்டி. சுத்துச்சூழலப் பாதுகாக்குறாங்களாம் டீச்சர். ஒரு நா வீட்டுக்கு ரெண்டு கூட குடுத்தாங்க. பச்சக்கூட, செவப்புக்கூட. மக்குற குப்பைய ஒண்ணுல போடணுமாம், மக்காத குப்பைய ஒண்ணுல போடணுமாம். ஒரு பிள்ள நோட்டீசு குடுத்து, வாசல்லயே நின்னு பாடம் நடத்திட்டுப் போச்சு. அம்புட்டு நல்ல பிளாஸ்டிக்கு டீச்சர்! குப்ப கொட்ட மனசு வருமா? பச்சையில அரிசி இருக்கு, செவப்புல தண்ணி புடிச்சு வச்சிருக்கேன். குப்பைய எப்பவும் போல அந்த மூலையில கொட்டிருவேன். அதுக்கு வந்து எங்கிட்டச் சத்தம் போடுறாங்க. இந்த வீட்ல மக்கிப்போயி கெடக்குறது நான் ஒருத்திதான், என்னைய எந்தக் கூடையில போடுவீங்கன்னு கேட்டேன். அந்தப் பிள்ள ஓடியே போயிருச்சு.

அப்புறம் மரம் வச்சாங்க. தெருவுக்கு ஒரு வரிசையா புங்கங்கன்னு. சுத்தி இரும்புக்கூண்டு. என்னமோ ராசாத்திக்கு அரமன கட்டுன மாதிரி. ஊத்த தண்ணி யாரு குடுப்பா? மனுசனுக்கே இல்ல. எங்க வாசல்ல இருந்தது ஒரே மாசத்துல கருகிருச்சு. கன்னு போயிருச்சு, கூண்டு சும்மாத்தான நிக்கிதுன்னு கோழிய அடச்சு வச்சேன். நல்லா நாலு பெட்ட, ஒரு சேவல். வந்து கூண்டப் புடுங்கிட்டுப் போயிட்டான் டீச்சர்! பக்கத்து வீட்டு நர்கீசு வாசல்ல மட்டும் விட்டுட்டுப் போயிருக்கான். ஏன்னு கேட்டா, அங்க மரம் இருக்காம். ஓரவஞ்சன பாத்தீங்களா?

யாரா? நர்கீசு. இந்தா, இந்தச் சுவருக்கு அங்கிட்டு இருக்கா. தங்கமான பொம்பளதான், நான் ஒண்ணும் கொற சொல்லல. தெனம் காலையில நான் ரெண்டு கொடம் அவ கெணத்துலதான் எறைக்கிறேன். எங்க போர்ல காத்துதான் வருது. ஆனா ஒண்ணு டீச்சர்… குடுக்குறவ என்னமோ அவ சீதனத்துல இருந்து எடுத்துக் குடுக்குற மாதிரி சிரிச்சுக்கிட்டே குடுக்குறா. அதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. அது யாரு தண்ணி? எங்க தண்ணி! எங்க வீட்டுத் தண்ணிதான் அவ கெணத்துல கெடக்கு. நான் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க. திங்கக்கெழம மனு குடுக்குற அன்னைக்கி வரிசையில நின்னு மனுவே குடுத்தேன், என் தண்ணிய பக்கத்து வீட்டுக்காரி இழுத்துக்கிறான்னு. அந்த ஆபிசரு மனுவப் படிச்சாரு, என்னையப் பாத்தாரு, பக்கத்துல இருந்தவர்கிட்டக் குடுத்தாரு. அவரும் படிச்சாரு. ரெண்டு பேரும் தண்ணி குடிச்சாங்க. அம்புட்டுதான் நடவடிக்க.

அங்க மாடி காலியா இருக்கான்னா கேக்குறீங்க? யாரு சொன்னா?… அவ கேட்ல தொங்குற பலகையா? இருக்கு, காலியாத்தான் இருக்கு. ஆனா ஒங்களுக்கு அது சரிப்படாது டீச்சர். நாள் பூராம் பள்ளிக்கூடத்துல நின்னுட்டு வந்து படி ஏறணும். மாடில கொழாயத் திருகுனா தண்ணி கொட்டுமாம், ராத்திரி பகல்னு பாக்காம கொட்டுமாம். எதுக்கு அம்புட்டுத் தண்ணி? நீங்களும் ஒங்க வீட்டுக்காரரும் ரெண்டே பேருக்கு. இங்க பாருங்க, தர வீடு. வந்தமா, சாஞ்சமான்னு இருக்கலாம். தண்ணியும் இந்தா கால் வரைக்கும் இருக்கு.

சிரிக்காதீங்க. வெளாட்டுக்குச் சொன்னேன்.

எங்க இருந்து வருதா? அதத்தான் நானும் கேக்குறேன்! முன்னால இருந்த பிரிஸ்கில்லாவும் அதத்தான் கேட்டுச்சு. நல்ல பிள்ள அது. போன ஐப்பசில பெஞ்ச மழைக்குக் கட்டிலுக்கு அடியில செங்கல் வச்சு ஒசத்திப் படுத்துச்சு. அடுத்த மழைக்கு இன்னொரு செங்கல் வச்சுச்சு. இதுக்கு மேல ஒசத்துனா விட்டம் இடிக்கும்க்கான்னு சொல்லிட்டுக் காலி பண்ணிட்டுப் போயிருச்சு. போறப்ப அழுதுச்சு டீச்சர். நானும் அழுதேன். அதுல இருந்து இந்தப் பின்கட்டு பூட்டியே கெடக்கு. சாக்கடைய முனிசிபாலிட்டி ஒழுங்கா தூர் வாரியிருந்தா…

என்னது? சாக்கட காஞ்சு கெடக்கா? வாரப்பப் பாத்துட்டுத்தான் வந்தீங்களா? ஆத்தாடி, டீச்சருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. சரி, சாக்கடையில இருந்து வரல. அப்ப எங்க இருந்துதான் வருது, நீங்களே சொல்லுங்க.

எந்தப் பைப்பு? ஓ… அதுவா. மொட்டமாடியில இருந்து எறங்குற அந்தப் பைப்பா. அது நல்ல பைப்புதான், அதுக்கு ஒண்ணும் இல்ல. அதுல இருந்துதான் வாசல்ல கொட்டுது, இங்கிட்டு ஓடி வருது, அது தெரியும். மழ பேஞ்சா பைப்புல தண்ணி வரத்தான செய்யும்? அது மழநீர் சேகரிப்பு. எங்க சேகரிக்குதா?… இருங்க, சொல்றேன். அதெல்லாம் பெரிய கத.

ரெண்டு வருசத்துக்கு முன்னால ஆட்டோவுல மைக்கக் கட்டிக்கிட்டு தெருத்தெருவா வந்தாங்கள்ல? ஒங்கூர்லயும் வந்திருப்பாங்க. வீட்டுக்கு வீடு மழத்தண்ணிக்குக் குழி வெட்டணும், இல்லன்னா கொழாக் கனெக்சன வெட்டிருவோம்னு. நான் சிரிச்சேன். வராத கொழாய வெட்டுனா என்ன, வெட்டாட்டி என்ன? ஆனா எங்க வீட்டுக்காரரு, மிக்கேல்ராஜுன்னு பேரு, மில்லுல வேல பாத்தவரு, அவருக்கு சர்க்காரு எதச் சொன்னாலும் வேதவாக்கு. வெட்டித்தான் ஆகணும் செபாஸ்தியம்மான்னுட்டாரு. கொத்தனாரு சூசைராஜக் கூட்டியாந்தாரு. வாசல்ல எடம் ஒடுக்கம், சதுரமா வெட்ட முடியாது, நீட்டமாத்தான் வெட்டணும்னு சூசை சொன்னான். சுவத்த ஒட்டி ஆள் நீளத்துக்கு வெட்டுனான். அடியில ஒடச்ச செங்கலு, அதுக்கு மேல கரி, அதுக்கு மேல மணலு, கூழாங்கல்லு. இவரு பக்கத்துல நாக்காலியப் போட்டு ஒக்காந்து, சாமியாரு பூச வைக்கிறத பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருந்தாரு. இனிமே ஒனக்குத் தண்ணிக் கவலையே இல்லடின்னாரு. முனிசிபாலிட்டியில இருந்து வந்து பாத்துட்டு, இந்தத் தெருவுலயே இதுதான் சரியான குழின்னு சொல்லிட்டுப் போனாங்க. அதுல அவருக்கு அம்புட்டுப் பெரும.

அந்தக் கார்த்திகையிலயே போயிட்டாரு டீச்சர். கோயில்ல இருந்து வந்து நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தாரு… அம்புட்டுதான்.

எங்க கல்லறைத் தோட்டத்துல குழி வெட்டுறது யாரு தெரியுமா? அதே சூசைராஜுதான். அதே மம்பட்டி. அங்கயும் ஆள் நீளத்துக்குத்தான் வெட்டுனான். அடக்கம் முடிஞ்சு வீட்டுக்கு வாரேன், கேட்டத் தொறக்குறேன்… வாசல்ல இன்னொண்ணு வெட்டிக் கெடக்கு. மேல மண்ணு, ஓரத்துல கல்லு. காலையில கதவத் தொறந்தா அது. பூசைக்குக் கெளம்புனா அது. ஒங்களால பாத்துக்கிட்டு இருக்க முடியுமா சொல்லுங்க? பொழைக்கிற வீட்டுக்கு முன்னால யாராச்சும் கல்லறைய வச்சுக்கிருவாங்களா? சூசைய வரச்சொன்னேன். மூடுறான்னேன். அவன், அக்கா வேணாம்க்கா, அண்ணன் ஆசப்பட்டு வெட்டுனதுன்னான். நான் வஞ்ச வசவுல மூடிட்டு, மேல வாசல் பூராம் சிமிண்டு பூசிக் குடுத்துட்டுப் போயிட்டான். இப்பப் பாருங்க, எம்புட்டுச் சுத்தமா இருக்கு! மண்ணு கெடையாது, சகதி கெடையாது. பைப்ப மட்டும் இருக்கட்டும்னு விட்டு வச்சேன். ஆபிசரு திரும்ப வந்தா காட்டணும்ல?

சிமிண்டு வாட்டம் எங்கிட்டுச் சரியுதா? வாட்டம் கொஞ்சம் பின்கட்டப் பாக்க இருக்கு. சூசை கோவத்துல பூசுனானோ என்னமோ. அதனால என்ன? குழிய மூடுனதுக்கும் தண்ணி வீட்டுக்குள்ள வாரதுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க ஏன் அப்பிடிப் பாக்குறீங்க?

நானும் சும்மா இருக்கல டீச்சர். பிரிஸ்கில்லா போனதும் இந்தப் பின்கட்டுப் பக்கச்சுவத்துல ஓட்ட போட்டு விட்டேன், அந்தா, அடியில தெரியுதுல்ல. உள்ள வந்த தண்ணி அது வழியா நர்கீசு வீட்டுப் பக்கம் போயிரும். போகட்டும், நனையட்டும், அவளுக்கும் தெரியட்டும்னுதான் போட்டேன். அவ என்ன பண்ணுனா தெரியுமா? சண்டைக்கி வருவான்னு பாத்தா வரல. அந்த ஓட்டைக்கு நேரா ஒரு வாய்க்கா வெட்டி, அவ வீட்டு மழநீர்க் குழியில கொண்டுபோயி சேத்துட்டா! இப்ப எங்க மாடித் தண்ணி, அவ மாடித் தண்ணி, ரெண்டும் அவ குழிக்கு. அவ கெணத்துல எட்டிப் பாத்தா மொகம் தெரியிது. தெருவே அவ வீட்டுக்குக் கொடத்தத் தூக்கிட்டுப் போகுது. எங்க தண்ணின்னு நான் சொன்னது பொய்யா? இதத்தான மனுவுல எழுதுனேன்?

என்ன சொல்றீங்க டீச்சர்? குழியத் திரும்பத் தோண்டிட்டா சரியாப் போயிருமா? சூசையும் அதத்தான் சொல்றான். கோயில்ல பாக்குறப்பெல்லாம் சொல்றான். கடப்பாரைய எடுத்துட்டு வரவாக்கான்னு கேக்குறான். சொல்றது சுளுவு… காலையில கதவத் தொறக்குறது நான்ல.

வாடகைய விடுங்க டீச்சர். நீங்க குடுக்குறதக் குடுங்க, நான் கேக்கல. எனக்கு இந்தப் பின்கட்டுல ஒரு வெளக்கு எரியணும், அம்புட்டுதான். சாயங்காலமானா அங்கிட்டு ஒருத்தரு இருமணும், ஒரு தட்டு விழுகணும், இன்னைக்கி என்ன வெஞ்சனம்க்கான்னு ஒரு வாய் கேக்கணும். பேசாம இருந்து இருந்து எனக்கு வாயெல்லாம் பூஞ்சக்காளான் பூத்துப் போச்சு. அதான் ஒருத்தரு கெடச்சா இப்பிடி… சரி, மழ வெறிச்ச மாதிரி இருக்கு. நீங்க செத்த ஒக்காருங்க, காப்பி போட்டுட்டு வாரேன். செவப்புக்கூடையில தண்ணி இருக்கு. கழுவுன கூடதான், பயப்படாதீங்க…

அட, கொடைய எடுத்துட்டீங்க? வீட்டுக்காரரக் கேட்டுட்டுச் சொல்றீங்களா? கேளுங்க, கேட்டுத்தான் செய்யணும். நானும் கேட்டிருந்தா… சரி விடுங்க. பாத்து, பாத்து, வாசல்ல வழுக்கும். அந்த எடத்துல மிதிக்காதீங்க, சுவத்த ஒட்டி… ஒண்ணும் இல்ல, சும்மாதான் சொன்னேன். இங்கிட்டு ஓரமாப் போங்க.

டீச்சர்… பஸ் ஸ்டாண்டு அங்கிட்டு! நீங்க இங்கிட்டுத் திரும்புறீங்களே… அது நர்கீசு வீட்டுக் கேட்டு…

ம். போங்க, போங்க. நாந்தான சொன்னேன், மாடி காலியா இருக்குன்னு. இந்தா அவளும் சிரிச்சுக்கிட்டே வந்துட்டா, சொம்பும் கையுமா. நல்லா இருங்க. மேல போயி கொழாயத் திருகிப் பாருங்க டீச்சர், ராத்திரி பகலாக் கொட்டும்! அங்க கொட்டுறது பூராம் எங்க வீட்டுத் தண்ணிதான், எங்க வீட்டுக்காரரு சேத்து வைக்கச் சொன்ன தண்ணி… ஒரு வாய் குடிச்சுட்டு நல்லாருக்கான்னு மட்டும் மேல இருந்து ஒரு சத்தம் குடுங்க. நான் இங்கதான் நிப்பேன்.