போட்டு வாறம்

லுசேர்ண் ரயில் நிலையத்திலிருந்து எம்மன்புரூக்கே போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில், வேலை முடிந்து வரும் இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவள் சொன்னாள்:

“இனி ஆருக்கும் ‘வாறன்’ எண்டு சொல்லவே பயமாக் கிடக்கு அக்கா.”

“ஏனடி?”

“நானும் இவரும் கப்பல் சுற்றுலா போனமெல்லே. ரீயூனியன் தீவிலை ஒருநாள் நிண்டது. பஸ்ஸிலை மலைக்கு ஏத்திக்கொண்டு போச்சினம். வளைஞ்சு வளைஞ்சு போய் இறங்கினால், முகிலுக்கை ஒரு அம்மன் கோயில்!”

“அங்கையுமோ?”

“ஓம். அங்கையும் தமிழ்ச் சனம்தான், ஆனா பிரெஞ்சு கதைக்கினம். ஒரு மனிசி மட்டும் வகுப்புக்குப் போய்த் தமிழ் படிக்கிறா. எங்களைக் கண்டவுடனை அவவுக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. கையைப் பிடிச்சவ விடேல்லை. வெளிக்கிடேக்கை நான் வழமைபோலை ‘போட்டு வாறம்’ எண்டன்.”

“அதிலை என்ன?”

“அவ உண்மையாத் திரும்பி வருவம் எண்டு நினைச்சுச் சமைச்சுப்போட்டா! பின்னேரம் கப்பல் வெளிக்கிடப்போகுது, துறைமுக வாசல்லை கோழிக்கறிச் சட்டியோடை நிக்கிறா. ‘நீங்கள் வரவில்லை, நான் வந்தேன்’ எண்டு புத்தகத் தமிழிலை சொல்லுறா.”

“ஐயோ! பிறகு?”

“காவல்காரன் சட்டியை உள்ளுக்கை விடமாட்டன் எண்டுட்டான். வாசல்லையே நிண்டு சாப்பிட்டம். இவர் சட்டியை வழிச்சுத் துடைச்சார். பிறகு கப்பலுக்கு ஒரே ஓட்டம்!”

இருவரும் சிரித்த சிரிப்பில் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். இளையவள் இறங்கும் தரிப்பு வந்தது.

“சரியக்கா, போட்டு வாறன்.”

“வராட்டில், நான் சட்டியோடை வருவன்!”