டிராகனில் பார்த்த பொருத்தம்

— மீரியபெத்தையில மண்ணு சரிஞ்சப்போ ஒன் ஜாதகமும் உள்ள போயிருச்சுங்கிறே. சரி ரஜீவு, அது ஒன் குத்தமில்ல. அதுக்காகப் பொருத்தம் பார்க்காம எம் மக நிஷாந்தினியக் குடுத்துற முடியுமா? நீ எழுதுன மாயாஜாலக் கதைப் புஸ்தகத்துல படம் இருக்குல்ல, அதுலயே பலன் பார்த்துர்றேன். வெளங்குதா?

— மாமா, அந்தப் படம் வந்து...

— மாமாங்குறத அப்புறம் பார்ப்போம், இப்ப கங்காணின்னே கூப்பிடு. கருப்பம்மா, கண்ணாடியக் கொண்டா.

— ஊரு ஒலகத்துல டிராகன்கிட்ட கல்யாணப் பொருத்தம் பார்க்குற மனுசன் நீங்க ஒருத்தருதான். இந்தாங்க. தம்பி, நீங்க டீயக் குடிங்க, ஆறிரும்.

— மொதல்ல இந்தப் பனி. பக்கம் பூரா மூடியிருக்கு. மனசுல தெளிவில்லாதவன் வரைஞ்சது.

— அப்புத்தளையில ஒக்காந்து வரைஞ்சா பனி இல்லாம வெயிலா அடிக்கும்?

— நீ சும்மா இருடி. இங்க பாரு, ராசகுமாரன் சொகுசா குதிரைமேல குந்தியிருக்கான். ராசகுமாரி நடந்து வாறா, தலையில மூட்டை வேற! கொழுந்துக்கூடை தூக்கக் கூடாதுன்னுதானே எம் மகள கேம்பஸ் வரைக்கும் படிக்க வச்சேன்?

— அவனுக்குக் கால்ல அம்பு பட்டிருச்சுங்க கங்காணி, கதையில...

— அப்ப நொண்டி. அது இன்னும் மோசம்.

— ஏங்க, நான் தூக்குன மூட்டைய நீங்க என்னைக்காச்சும் வாங்குனீங்களா? காலையில பெரட்டுல எங்கள வரிசையா நிக்கவச்சுப் பேர் கூப்புட்டதோட சரி.

— ஒன் வழக்க ராவைக்கு வச்சுக்க. கீழ பாரு, குட்டிப் பூதமெல்லாம் வரிசையா குளுருல நடுங்கிக்கிட்டு நிக்குது. இது பெரட்டேதான். முன்னால ஒரு டிராகன், மீசை வச்சிருக்கு, கையில கம்பு. இது யாரு?

— ஐயோ முருகா, அச்சு அசல் நீங்க!

— பார்த்தியா? பொண்ணு கேட்டு வந்த வீட்டுக்காரனையே மிருகமா போட்டிருக்கான். வாலால வாசல வேற அடைச்சுக்கிட்டு நிக்கிறேன். ராசகுமாரி அதைத் தாண்டித்தான் போகணுமாம். எவ்வளவு திமிரு!

— கங்காணி, நான் சொல்ல வாறத ஒரு நிமிசம்...

— அட்டையில ஒன் பேருதானே போட்டிருக்கு? அப்புறம் என்னத்தச் சொல்லப்போறே? பலன் முடிஞ்சுது. பொருத்தமில்ல. கப்ப வச்சிட்டுக் கெளம்பு.

— இருங்க தம்பி, ஒக்காருங்க. ஏங்க, அந்த டிராகன் கண்ணப் பாருங்க. தண்ணி நிக்குது. பாவம், அழுவுது.

— எங்க? ... ஆமா. ஏய், இது எப்படி?

— என்னங்க, மொகமே மாறிப்போச்சு?

— புள்ள கேம்பஸுக்குப் போக முந்தின நாளு, விறகுக் கொட்டகைக்குள்ள கதவச் சாத்திக்கிட்டுத்தானே அழுதேன்!

— நீங்க அழுதீங்களா? எங்கிட்டக்கூட சொல்லலியே!

— ஒனக்கே தெரியாதது இந்தப் பயலுக்கு எப்படித் தெரிஞ்சுது? டேய், யாருடா சொன்னா?

— யாரும் சொல்லலீங்க. நான் கதை மட்டுந்தான் எழுதுனேன். படம் வரைஞ்சது நிஷாந்தினி.