சாம்பிள் வயிறு

பவுல்சாமி: ...வழுக்கிக்கினு போச்சு மாமா! இவ்ளோ தடிமன், என் சுண்டுவெரல விடப் பெருசு. ஒரே முழுங்குதான். கடகடன்னு உள்ள!

வில்லியம்: பாத்தேன்டா. நானும் அந்த ரூம்லதானே நின்னேன்.

பவுல்சாமி: நீ நின்ன. நான் முழுங்கினேன். ரெண்டும் ஒண்ணா? ஜப்பான் குழா அது. மெட்ராஸ்லயே அத முழுங்கின மொத ஆளு நான்தான்.

வில்லியம்: பதினோராவது ஆளு. சிஸ்டர் நோட்டுல நம்பர் போட்டாங்க, பாத்தேன்.

பவுல்சாமி: சாந்தோம் சர்ச் பங்குல நான்தான் மொதல்ல. அது போதும் எனக்கு.

வில்லியம்: மெதுவாப் பேசு. ஆஸ்பத்திரி வராண்டா இது. உன் பேண்டு பார்ட்டி இல்ல.

பவுல்சாமி: மெதுவாப் பேசினா வார்த்தை உள்ளயே நின்னுடுது மாமா. நாக்கு மரக்கட்டையா கீது. ஒரு டீ வாங்கிக் குடு.

வில்லியம்: டீயா? தொண்டை மரத்துப் போற மருந்து அடிச்சிருக்காங்க. ஒரு மணி நேரத்துக்குத் தண்ணிகூடக் கூடாது. மூச்சுக்குழாய்ல போயிடும்.

பவுல்சாமி: ட்ரம்பெட் ஊதறவனுக்கு ட்ரில் மாஸ்டர் மூச்சுக்குழாயப் பத்திப் பாடம் எடுக்கறாரு.

வில்லியம்: பாடம் எடுத்தாலும் ஏறாத மண்டை உங்க குடும்பத்துக்கே உண்டு. உன் அக்காவைக் கட்டி இருபது வருஷம் ஆச்சு. எனக்குத் தெரியாதா?

பவுல்சாமி: இத அக்காகிட்ட சொல்லட்டா?

வில்லியம்: சொல்லாதே.

பவுல்சாமி: அந்தப் பயம் இருக்கட்டும்... ஆமா, நடுவுல எதுக்கு லைட்ட அணைச்சாங்க? நான் ஒருக்களிச்சுப் படுத்துக்கினு கீறேன். வாயில அந்த வளையத்தக் கடிச்சிக்கினு கீறேன். ஒண்ணும் தெரியல. நீங்க எல்லாரும் ‘ஆ’ன்னீங்க.

வில்லியம்: டேய்! நீ பாக்கவே இல்லியா?

பவுல்சாமி: இன்னாத்த?

வில்லியம்: உன் வயித்துல விளக்கு எரிஞ்சுதுடா!

பவுல்சாமி: தமாஷ் பண்ணாத மாமா.

வில்லியம்: சத்தியமா! குழாய் முனையில வெளிச்சம் வருதுல்ல? ஜன்னல் திரைய இழுத்து விட்டாங்க. கும்மிருட்டு. திடீர்னு உன் தொப்புளுக்கு மேல, இடது பக்கம், உள்ளங்கை அளவுக்குச் செவப்பா... கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டி உள்ள பல்பு போடுவோமே, அது மாதிரி. டாக்டர் குழாயத் திருப்பத் திருப்ப அதுவும் நகருது. தோலுக்கு அடியில ஊர்ந்து போச்சுடா!

பவுல்சாமி: ஐயோ! என் வயித்துலயா! என்ன எழுப்பிக் காட்டக் கூடாதா?

வில்லியம்: குழாயோட எழுந்து உக்காருவியா நீ?

பவுல்சாமி: உக்காந்திருப்பேன்! முப்பத்தெட்டு வருஷமா என்னோட கீற வயிறு. அது ஸ்டார் மாதிரி எரியுது, ஊரே பாக்குது, நான் மட்டும் பாக்கல... இத அக்காகிட்ட நான்தான் சொல்லுவேன். நீ வாயத் தொறக்கக் கூடாது.

வில்லியம்: சரி, நீயே சொல்லு.

பவுல்சாமி: டாக்டர் ஒத்தக் கண்ணால பாத்தாரே, அவருக்கு உள்ள இன்னா தெரிஞ்சுதாம்?

வில்லியம்: எனக்கும் ஒரு தடவை குடுத்தாரு. நானும் பாத்தேன்.

பவுல்சாமி: நீயா! என் வயித்துக்குள்ளயா! சொல்லவே இல்லியே!

வில்லியம்: நீ எங்க சொல்ல விட்ட? ரோஸ் கலர்ல, மடிப்பு மடிப்பா, ஈரமா, பளபளன்னு... ஆட்டுக்குடல் கழுவி வச்சா எப்படி இருக்கும், அது மாதிரி. தானா அசையுதுடா! அலை மாதிரி மேலேருந்து கீழ வருது. அங்க நடுவுல ஒரு...

பவுல்சாமி: நடுவுல?

வில்லியம்: நடுவுல ஒண்ணுமில்ல. சுத்தம்.

பவுல்சாமி: பின்ன? நம்ம வயிறு அப்டி. நேத்து கழுவி வச்ச மாதிரி இருக்கும்.

வில்லியம்: ம்.

பவுல்சாமி: இன்னா ‘ம்’? அடுத்து நீதான். பயப்படாத. மூக்கால மூச்சு விடு. தோளத் தளர்த்தியா வை. டாக்டர் ‘முழுங்கு’ன்னா தோசைத் துண்டுன்னு நெனச்சிக்கினு முழுங்கு.

வில்லியம்: தோசையைப் பத்திப் பேசாதடா. ராத்திரிலேருந்து பட்டினி.

பவுல்சாமி: ஆமா. நீயும் பட்டினி, நானும் பட்டினி... மாமா, உள்ள கூப்பிடறதுக்குள்ள மூஞ்சி கழுவிக்கினு வாயேன்.

வில்லியம்: எதுக்கு?

பவுல்சாமி: சும்மாதான். டாக்டர் கிட்டக்க வந்து பாக்கறாரு.

வில்லியம்: காலையிலயே கழுவிட்டேன்.

பவுல்சாமி: சரி வுடு... ஆனா மாமா, ஒண்ணு கேக்கணும். என்னை எதுக்குக் கிள்ளினாங்க?

வில்லியம்: எப்ப கிள்ளினாங்க?

பவுல்சாமி: குழாக்குள்ள ஒரு கம்பிய வுட்டாங்களே. டாக்டர் ‘புடி’ன்னாரு. சிஸ்டர் கத்திரிக்கோல் மாதிரி ஒண்ண அழுத்தினாங்க. கம்பிய இழுத்து ஒரு பாட்டில்ல போட்டாங்க. கடுகு மாதிரி ஏதோ வுழுந்துச்சு. கண்ண மூடிக்கினு இருந்தேன்னு நெனச்சியா?

வில்லியம்: அது... மிஷின் வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு.

பவுல்சாமி: சாம்பிள் பீஸ்லகூடவா பிச்சுப் பாப்பாங்க? நீதானே சொன்ன... எவனாச்சும் என் கண்ணு முன்னாடி முழுங்கிக் காட்டினாத்தான் முழுங்குவேன்னு? காட்டத்தானே வந்தேன்? காட்டறதுக்கு எதுக்குக் கிள்ளல்?

வில்லியம்: எனக்கு என்னடா தெரியும்? அவங்க வழக்கமா இருக்கும்.

பவுல்சாமி: சாம்பிளுக்கு முழுங்கறவன் ஒரு நிமிஷத்துல வெளிய வந்துடுவான்னும் சொன்ன. என்னை எவ்ளோ நேரம் வச்சிருந்தாங்க? இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டு, ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாத்தாங்க.

வில்லியம்: உன் வயிறு அழகா இருக்குன்னு பாத்திருப்பாங்க.

பவுல்சாமி: அதுவும் சரிதான்... அந்தக் கவரக் குடு.

வில்லியம்: எந்தக் கவர்?

பவுல்சாமி: காலையிலேருந்து அக்குள்ல இடுக்கிக்கினு கீறியே, எக்ஸ்ரே கவர். இப்ப உக்காந்திருக்கறதும் அது மேலதான்.

வில்லியம்: உனக்கு எக்ஸ்ரே பாக்கத் தெரியுமா?

பவுல்சாமி: உனக்குத் தெரியுமா? போன மாசம் ரெண்டு பேரும் ஒரே நாள்லதானே எக்ஸ்ரே எடுக்க அந்த சுண்ணாம்புத் தண்ணியக் குடிச்சோம்? படத்த வாங்கியாந்தது நீ. உன் படம் சுத்தம்டா, என் படத்துலதான் நிழல் வுழுந்திருக்குன்னு சொன்னதும் நீ. நானா கேட்டேன்?

வில்லியம்: நிழல்தான். அதனாலதானே இங்க வந்து உக்காந்திருக்கோம்? அந்த ஆபரேஷன் டாக்டர் வயித்தத் தொறந்தே பாத்துடலாம்னாரு. இவருதான் ஜப்பான் போயிக் கத்துக்கிட்டு வந்தவரு. தொறக்கறதுக்கு முன்னாடி நான் உள்ள பாத்துடறேன்னாரு.

பவுல்சாமி: நல்ல புண்ணுன்னா மாத்திரை. கெட்ட புண்ணுன்னா கத்தி.

வில்லியம்: ஆமா.

பவுல்சாமி: கத்தின்னா மூணு மாசம் ஊத முடியாது.

வில்லியம்: நான் எங்கடா ஊதறேன்?

பவுல்சாமி: விசில்... ட்ரில் மாஸ்டர் விசில் ஊதணும்ல? அதச் சொன்னேன்.

வில்லியம்: டேய், உன் வயிறு இப்ப எப்படி இருக்கு?

பவுல்சாமி: என் வயிறா? கல்லு.

வில்லியம்: அபிராமபுரம் கல்யாணத்துல பாதிப் பாட்டுல உக்காந்துட்டியாமே. உன் அக்கா மர்சலின்கிட்ட யாரோ சொல்லியிருக்காங்க.

பவுல்சாமி: வெயிலு.

வில்லியம்: சாயங்காலம் ஆறு மணிக்கு வெயிலா?

பவுல்சாமி: வெயிலுன்றேன்ல! யாரு சொன்னா, கனகராஜா? அவன் அப்டித்தான் சொல்லுவான். ரெண்டாவது ட்ரம்பெட்டு. என் எடத்துமேல கண்ணு. இன்னும் பத்து நாள்ல பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேத்தம். கொடி மேல ஏறும்போது ஒரு உச்ச ஸ்தாயி வரும் பாரு, கொடி உச்சிக்குப் போறவரைக்கும் மூச்ச வுடாம புடிக்கணும். கனகராஜ் பாதியிலயே பொத்துன்னு வுழுந்துடுவான். நான் புடிச்சா, ஒல்காட் குப்பத்துல வலை காயவைக்கறவன்கூட நின்னு பாப்பான்!

வில்லியம்: தெரியும்டா.

பவுல்சாமி: அதுக்குத்தான் சொல்றேன். எனக்கு ஒண்ணுமில்ல. உன்னப் பாத்துக்கோ.

ஷாகிரா: பவுல்சாமி யாருங்க?

பவுல்சாமி: நான்தான் சிஸ்டர். சாம்பிள்! பேஷண்ட் இவரு. வில்லியம். பயந்துக்கினு கீறாரு, கொஞ்சம் தைரியம் சொல்லி இட்டுக்கினு போங்க.

ஷாகிரா: வில்லியம்னு இன்னிக்கு லிஸ்ட்ல யாருமே இல்லியே... சார், நீங்க இன்னும் சொல்லலியா?

வில்லியம்: சொல்லத்தான் சிஸ்டர்... வார்த்தை எடுக்கறதுக்குள்ள...

ஷாகிரா: வெளிய வந்த உடனே சொல்லிடறேன்னு நீங்க வாக்கு குடுத்ததாலதான் டாக்டர் ஒத்துக்கிட்டாரு. அரை மணி ஆச்சு.

வில்லியம்: டேய் பவுலு... படம் மாறிப் போச்சுடா. இல்ல... மாறல. நான் மாத்திச் சொல்லிட்டேன். என் படம்தான் சுத்தம். நிழல் உன் படத்துல. அன்னிக்கே சொன்னா, இனிமே எந்த ஆஸ்பத்திரி வாசப்படியும் மிதிக்கமாட்டேன்னு நீ ஓடியிருப்ப. அதான்... திட்டுடா. சும்மா இருக்காத, திட்டு.

பவுல்சாமி: அப்புறம் திட்டறேன். சிஸ்டர், மாத்திரையா கத்தியா?

ஷாகிரா: புண்ணு இருக்கு. பட்டாணி அளவு. ஆனா ஓரம் வழவழன்னு இருக்கு, கெட்ட புண்ணு மாதிரி தெரியலன்னு ரெண்டு டாக்டரும் சொல்றாங்க. கிள்ளின துண்டுக்கு வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வரும். இப்போதைக்கு வயித்தத் தொறக்க வேணாம்.

வில்லியம்: தொறக்க வேணாமா! டேய், கேட்டியா! தொறக்க வேணாம்டா! மாதாவே! மர்சலின் மூணு வாரமா தூங்கலடா... சிஸ்டர், இன்னொரு தடவை சொல்லுங்க!

ஷாகிரா: இருங்க சார், முடிக்கல. புண்ணுக்கு அடியில கறுப்பா ஒரு பொட்டு இருக்கு. ரத்தம் கசிஞ்சு உறைஞ்ச மாதிரி. அதனால டாக்டர் ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு. வெளிக்குப் போறது தார் மாதிரி கறுப்பா போகுதா?

வில்லியம்: அதெல்லாம் இல்ல சிஸ்டர். போன மாசமே கேட்டாங்க. இல்லன்னு அடிச்சுச் சொன்னான்.

ஷாகிரா: நான் அவரைக் கேக்கறேன் சார். கறுப்பா போகுதுன்னா இன்னிக்கே அட்மிஷன். மூணு வாரம் படுத்தே இருக்கணும். இல்லன்னா மாத்திரை வாங்கிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனா மறைச்சீங்கன்னா, எங்கயாவது ஊதிட்டு இருக்கும்போது ஒடைஞ்சிடும். அப்ப கத்தி எடுக்கக்கூட நேரம் இருக்காது.

பவுல்சாமி: மூணு வாரமா? கொடியேத்தம் பத்து நாள்ல சிஸ்டர்...

ஷாகிரா: கொடி எனக்குத் தெரியாது. ஆமாவா, இல்லியா?

வில்லியம்: என்னடா யோசிக்கற? இல்லன்னு சொல்லு, போலாம்.

பவுல்சாமி: மாமா, நீ பட்டினின்னு சொன்னல்ல?

வில்லியம்: அது இப்ப எதுக்குடா?

பவுல்சாமி: உன் மீசையில தேங்கா சட்னி கீது. காலையில பஸ் ஏறும்போதே பாத்தேன். குழா முழுங்கப் போறவன் இட்லி துன்னுட்டு வருவானா?

வில்லியம்: ...அப்ப தெரிஞ்சேவா முழுங்கின?

பவுல்சாமி: எனக்குன்னு சொல்லியிருந்தா பஸ்ஸு புதுப் பாலம் ஏறறதுக்கு முன்னாடியே எறங்கி ஓடியிருப்பேன். உனக்குன்னு சொன்ன. எறங்க முடியல. படுபாவி, கரெக்டா தெரிஞ்சு வச்சிருக்க.

ஷாகிரா: டாக்டர் காத்துட்டு இருக்காரு. நான் என்னன்னு எழுதட்டும்?

வில்லியம்: இல்லன்னு எழுதுங்க சிஸ்டர். அவன்தான் அன்னிக்கே...

பவுல்சாமி: கறுப்பாத்தான் போவுது, எழுதிக்கோ சிஸ்டர். அந்தோணியார் திருநாளுக்கு வாசிச்ச அன்னிலேருந்து, ரெண்டு மாசமா... கனகராஜுக்கு ஆள் அனுப்பு மாமா, இன்னிக்கே சாதகத்த ஆரம்பிக்கட்டும். இன்னா அப்டிப் பாக்கற? நீ மட்டும்தான் பொய் சொல்லுவியா?