சுத்தமான எக்ஸ்ரே

எனக்குப் பீடி, சிகரெட் பழக்கம் எந்தக் காலத்திலும் கிடையாது, சார். ஐம்பத்திரண்டு வயதிலும் என் நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை. விசாரணைக்கு அது எதற்கு என்று நினைப்பீர்கள். தேவைதான், சொல்கிறேன்.

செங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லுப்பொடிக் கம்பெனியில் ஒன்பது வருஷம் தொழிலாளர் ஆரோக்கியத்துக்குத் தலைமை டாக்டர் நான். ஜூன் மாதம் எல்லாருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்போம். படத்தை அவரவர் கையிலேயே கொடுத்துவிடுவது என் வழக்கம். வீட்டு ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் பத்திரமாக வைப்பார்கள்.

சத்தியதாசுக்கு அரவை மில்லில் வேலை. நாங்கள் ஒரே திருச்சபை. பாடகர் குழுவில் அவன் குரல் தனியாகக் கேட்கும். தொண்ணூற்று மூன்றில் அவன் படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைப் புள்ளிகள். கல்லுப்பொடி நுரையீரலில் தங்கிவிட்டால் அப்படித்தான் தெரியும். அன்றே மில்லை விட்டிருந்தால் இன்னும் பல வருஷம் இருந்திருப்பான். ஆனால் நோய் என்று எழுதினால் கம்பெனி ஆளை வெளியே அனுப்பிவிடும். அடிக்கடி எழுதினால் டாக்டரையும் அனுப்பும். அவன் மகள் லிஷா அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

"டாக்டரே, எனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லல்லா?"

"ஒண்ணும் இல்லடே. போய் நல்லாப் பாடு."

சுத்தமான படம் ஒன்றைக் கையில் கொடுத்தேன். அடுத்த இரண்டு ஜூனிலும் அப்படியே. இருமல் கூடிக்கொண்டே போயிற்று, பாட்டு நின்றது. ஆனாலும் படத்தைப் பார்த்ததும் முகம் தெளிந்து வேலைக்குப் போவான்.

அப்படிப்பட்டவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மார்த்தாண்டத்தில் வேறொரு டாக்டரைப் பார்க்கப் போனான். எனக்கு மனசு விட்டுப்போயிற்று, சார். அந்த டாக்டர் புதிதாக ஒரு படம் எடுத்து, என் மூன்று படங்களோடு சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறார். சத்தியதாஸ் இளவயதில் பலாமரத்திலிருந்து விழுந்து காறை எலும்பு ஒடிந்தவன். எலும்பு கோணலாகச் சேர்ந்து, தோளில் துருத்திக்கொண்டு நிற்கும். நான் கொடுத்த படங்களிலோ எலும்பு நேராக இருந்தது. ஒன்பது வருஷம் அந்தத் தோளைப் பார்த்தவன் நான், அதை மறந்துபோனேன்.

அவன் மனைவி விமலகுமாரி வந்து மூன்று படங்களையும் என் மேசையில் வைத்தாள். அழவில்லை.

"இது ஆருக்க நெஞ்சாக்கும், டாக்டரே?"

என்னுடையதுதான், சார். ஒவ்வொரு ஜூனிலும் எல்லாரும் போன பிறகு நானே மெஷின் முன்னால் நின்று, வேண்டிய அளவு எடுத்து வைத்துக்கொள்வேன். பிறகு பெயர்ச்சீட்டு ஒட்டினால் போதும். பதினேழு பேருக்கு அப்படிக் கொடுத்தேன். ஒன்பது பேரை அடக்கம் பண்ணியாகிவிட்டது.

சத்தியதாஸ் அடக்கத்துக்கும் போனேன். சபையில் ஒருவர்கூட என் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. என் சொந்த நெஞ்சை எடுத்துக் கொடுத்தேன், சார். அவர்களால் என்னை நம்ப முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.